பதினொன்று பத்துக்கு வரும் அழைப்பு

அனுப்புநர்:
(இவ்விடம் மனுவை எழுதி முடித்தபின் நிரப்பப்படும்.)
மெட்டுகுடா, செகந்திராபாத்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
(மருத்துவமனையின் பெயர் உறையின் மேல் உள்ளது.)
செகந்திராபாத்.

பொருள்: தங்கள் மருத்துவமனையின் தாய்-சேய் தொலைபேசிக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து என் மனைவிக்கு நாள்தோறும் காலை 11.10 மணிக்கு வரும் அழைப்பை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1) எனது மனு, நாள் 05-04-2021.
2) எனது புகார், நாள் 24-04-2021.
3) தங்கள் அலுவலகப் பதில் கடிதம், நாள் 21-10-2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூன்றரை ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் அப்படி இருப்பது சரியல்ல என்று பட்டதால் எழுதுகிறேன். தமிழில் எழுதக் காரணம் உண்டு. தாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தவர் என்றும், தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தாங்கள் ஒருவரே என்றும் விசாரித்து அறிந்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் இது தங்களிடம் வருவதற்குள் ஐந்து பேர் கைமாறும். ஐந்து பேரும் சிரிப்பார்கள்.

2. என்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வயது நாற்பத்தொன்பது. வரலாற்றில் முதுகலை. இருபத்துநான்கு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் கையெழுத்திடும் கடிதங்களை வரைந்து கொடுப்பவன். என்னிடம் வேலை பழகியவர்கள் இன்று எனக்கு மேலே அமர்ந்திருக்கிறார்கள். அது இம்மனுவின் பொருள் அல்ல. ஆனால் பின்னால் ஓரிடத்தில் அதைச் சொல்லாமல் தீராது.

3. என் மனைவி கரோலின். திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் எங்களுக்குக் குழந்தையில்லை. 2020-ஆம் ஆண்டின் கடைசியில், தன் நாற்பத்தொன்றாம் வயதில், கருவுற்றாள். தங்கள் மருத்துவமனையில் முதல்முறை அட்டை பதிந்த டாக்டர் அம்மையார், "இந்த வயசில், இந்த நேரத்தில் ஏன்?" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. அட்டையில், ஆபத்து மிகுந்த கர்ப்பம் என்பதற்கான சிவப்பு முத்திரை குத்தினார். கர்ப்பத்தின் வாரக்கணக்கு 14-10-2020 புதன்கிழமையிலிருந்து தொடங்குகிறது. இந்த நாளைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

4. அந்த நாட்களில் கர்ப்பிணிக்குக் கொரோனா தொற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தடுப்பூசி போடலாமா என்று கேட்டோம். ஒரு டாக்டர் தோளைக் குலுக்கினார். இன்னொருவர் சுற்றறிக்கை வரட்டும் என்றார். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்ற உத்தரவு ஜூலையில் வந்தது. ஜூலை எங்களுக்குப் பயன்படவில்லை.

எனவே எங்களுக்குத் தெரிந்த காவலை நாங்களே போட்டுக்கொண்டோம். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். நாளிதழை நிறுத்தினோம். கரோலின் பின்னறையில் இருந்தாள், நான் முன்கூடத்தில். நடுவே உள்ள நடையில், சிவப்புத் தரையின் குறுக்கே, அவள் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். தட்டைக் கோட்டின் மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்வோம். அல்வாலில் இரண்டு மாடி வீடு வைத்திருக்கும் என் மைத்துனர் எபனேசர், மேல்மாடி காலியாகக் கிடந்தும் தங்கையை அழைக்கவில்லை. தினமும் ஒரு வேதவசனம் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவரோடு அன்று நிறுத்திய பேச்சை நான் இன்னும் தொடங்கவில்லை.

கரோலினின் பயம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அவள் அழுபவள் அல்ல. மூச்சை அடக்கி வைத்துக்கொள்வாள். தெருவில் யாராவது இருமினால், அந்த ஓசை கடந்து போகும்வரை மூச்சு விடமாட்டாள். நான் கோட்டின் இந்தப் பக்கம் நின்று அவள் மறுபடி மூச்சு விடுவதற்காகக் காத்திருப்பேன்.

5. தங்கள் மருத்துவமனையில், சிவப்பு முத்திரை பெற்ற கர்ப்பிணிகளைத் தொலைபேசியில் கண்காணிக்க ஒரு பிரிவு நடந்துவந்தது. வாரம் ஒருமுறை அழைப்பார்கள். வாரம் ஒருமுறை போதாது என்று 05-04-2021 அன்று நேரில் வந்து மனு கொடுத்தேன். அதன் கடைசி வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"மேற்படி அழைப்பு ஞாயிறு, பண்டிகை நாட்கள் உட்பட நாள்தோறும் ஒரே நேரத்தில், பணியாளர் இருப்பினும் இல்லாவிடினும், கீழே கையொப்பமிட்டுள்ள நான் எழுத்து மூலம் நிறுத்தக் கோரும்வரை தவறாது தொடர வேண்டும்."

பேறுகாலம் வரை என்று எழுதியிருந்தால் போதுமானது. ஆனால் பேறுகாலம் என்று வருமென்று யாருக்குத் தெரியும்? தேதி தெரியாத இடத்தில் ஆணைக்கு ஒரு முடிவு வைக்காவிட்டால் எவனாவது ஒரு எழுத்தர் இடையில் முடித்துவிடுவான். அதனால் முடிவை என் கையெழுத்தில் வைத்தேன். அன்றைய அதிகாரி ஓரத்தில் "அவ்வாறே செய்க" என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். தேதி முத்திரையோடு என் நகலை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வாக்கியத்தைப் பற்றி அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

6. மறுநாளே அழைப்பு வந்தது. அழைத்தவர் சபீனா என்ற ஒப்பந்தப் பணியாளர். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்றும் நான் கேட்டிருந்ததால் அவரை நியமித்திருந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். பேச்சில் ஊர் கலந்திருந்தது: ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. கரோலின் கிருமிக்கு அஞ்சித் தொலைபேசியைக் காதருகே கொண்டுபோக மாட்டாள். ஜன்னல் திண்டில் வைத்து ஸ்பீக்கரில் பேசுவாள். ஆகவே நானும் கேட்பேன்.

கேள்விகள் ஐந்து. காய்ச்சல் உண்டா. இருமல், மூச்சுத்திணறல் உண்டா. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு. குழந்தை அசைந்ததை எண்ணினீர்களா, எத்தனை. ஐந்தாவது: நேற்று வீட்டிலிருந்து யாராவது வெளியே போனார்களா.

"கைக்கு அக்கா இவ்ளோ டென்ஷன்? டிவி பார்க்க நக்கோ. பார்த்தா அதுவும் உங்களோட சேர்ந்து பார்க்கும்" என்பார். அந்த வீட்டில் அப்போது கேட்ட ஒரே சிரிப்பு, அதற்குக் கரோலின் சிரித்ததுதான். அதற்காக நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. நாலாவது கேள்விக்குக் கரோலின் "பத்து" என்பாள். உடனே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தொலைபேசியைத் துடைத்துக் காதில் வைத்து, "உனக்கு?" என்று கேட்பாள். பதிலைக் கேட்டுத் தலையசைப்பாள். பிறகு மறுபடி ஸ்பீக்கர், ஐந்தாவது கேள்வி. தினமும் இப்படி. "உனக்கு" என்றால் என்ன? என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், கணவன்மார்களைப் பற்றி ஏதோ கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. நான் கேட்பவன் அல்ல, குறித்து வைப்பவன்.

7. 22-04-2021 அன்று அழைப்பு வரவில்லை. அன்று முழுவதும் கரோலின் சாப்பிடவில்லை. 23 அன்று வேறு எண்ணிலிருந்து, இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. பணியாளர் தம் வீட்டிலிருந்து பேசுகிறார் என்பது தெளிவாயிற்று.

24 அன்று புகார் எழுதினேன். சொந்தக் கதை பேசி நேரத்தை வீணடிப்பதாகவும், வீட்டில் சமைத்துக்கொண்டே நோயாளிகளை அழைப்பதாகவும் குறிப்பிட்டு, "மேற்படி பணியாளர் அலுவலக அறையில், தமக்குரிய இருக்கையில் அமர்ந்து, அலுவலக எண்ணிலிருந்து மட்டுமே அழைக்குமாறு ஆணையிட வேண்டும்" என்று கேட்டிருந்தேன். கையொப்பமும் தேதி முத்திரையும் சரியாக இருந்தன. 27-ஆம் தேதி முதல் அழைப்பு அலுவலக எண்ணிலிருந்து நிமிடம் பிசகாமல் 11.10-க்கு வந்தது. பின்னணியில் பத்துப் பன்னிரண்டு பேரின் பேச்சொலி. எனக்குத் திருப்தியாக இருந்தது.

8. இனி என் அலுவலக விஷயம். அந்த ஏப்ரலில் பணிமூப்புப் பட்டியல் வெளியானது. எனக்கு ஆறு ஆண்டு இளையவரான முரளியை எனக்கு மேலே வைத்திருந்தார்கள். ஆட்சேபணைக்குக் கடைசி நாள் மே 4. மனைவியின் நிலையைச் சொல்லி நான் வீட்டிலிருக்க அனுமதி பெற்றிருந்தேன். ஆட்சேபணையை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று சொன்னார்கள். மின்னஞ்சலில் தேதி முத்திரை விழாது. எத்தனையோ பேருடைய மின்னஞ்சல்கள் "வந்து சேரவில்லை" என்று கோப்பில் எழுதியவனே நான்தான்.

மே 4 காலை பத்து மணிக்கு, கரோலின் படுத்திருந்த நேரத்தில், சத்தமின்றிக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். முத்திரை போட வேண்டிய இடத்தில் முரளி உட்கார்ந்திருந்தார். "என்ன குரு, வீட்ல இருந்தே சண்டை போடலாமே, இவ்வளவு தூரம் எதுக்கு?" என்று சிரித்தார். இருமினார். ஏசியில் சளி என்றார். நாற்பது நிமிடம் வாதாடினேன். நான் சொல்வது அவருக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக முகக்கவசத்தைக் கீழே இழுத்துக்கொண்டேன். முத்திரையோடு நகலை வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பி, குளித்து, கோட்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கரோலின் எழுந்திருக்கவே இல்லை என்று நினைத்தேன்.

மே 5 அழைப்பில் ஐந்தாவது கேள்வி வந்தது. "நேத்து யாராச்சும் வெளிய போனாங்களா அக்கா?" கரோலின் வழக்கமான குரலில் "இல்லை" என்றாள். என் மனம் ஆறியது.

ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. அந்த நகல் என்னிடம் இன்னும் இருக்கிறது.

9. மே 8 எனக்குத் தொண்டை கரகரத்தது. மே 9 அவளுக்குக் காய்ச்சல். மே 11 இருவருக்கும் தொற்று உறுதி. வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அழைப்பு ஒரு நாளும் தவறவில்லை. நான் நேரம் குறித்து வைத்திருக்கிறேன், எல்லாம் 11.10. பின்னணிப் பேச்சொலி மட்டும் நின்றிருந்தது. சபீனாவின் குரலும், எப்போதாவது தூரத்தில் ஓர் இருமலும்தான்.

மே 19 புதன்கிழமை, முப்பத்தொன்றாவது வாரம் முடிந்த நாள். நாலாவது கேள்விக்குக் கரோலின் "நாலு" என்றாள். "இப்பவே கிளம்புங்க அக்கா. ஆட்டோ பார்க்க நக்கோ. வண்டிக்கு நான் சொல்லிட்டேன்" என்றார் சபீனா. ஊரெல்லாம் ஆம்புலன்ஸுக்கு மணிக்கணக்காகக் காத்திருந்த நேரம் அது. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி வந்தது. அரை மணி தாமதித்திருந்தால் தாயும் இல்லை என்று டாக்டர் பின்னர் சொன்னார்.

பெண் குழந்தை. உயிரில்லை. இரண்டடி தள்ளி நின்று முகத்தைப் பார்க்க அனுமதித்தார்கள். கரோலினுக்கு அந்த அனுமதியும் கிடைக்கவில்லை, நினைவில்லாமல் இருந்தாள்.

10. மே 20, நான் மருத்துவமனை வராந்தாவில் இருந்தபோது, என் சட்டைப்பையில் இருந்த கரோலினின் தொலைபேசி 11.10-க்கு ஒலித்தது. எடுக்கவில்லை. மறுநாளும் ஒலித்தது. ஜூன் 2 அவள் வீடு திரும்பினாள். ஜூன் 3 காலை ஜன்னல் திண்டில் ஒலித்ததை அவளே எடுத்தாள். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. தொண்ணூற்றாறு. நாலாவது கேள்விக்கு, "பத்து" என்றாள். ஸ்பீக்கரை அணைத்து, "உனக்கு?" என்றாள். கேட்டுத் தலையசைத்தாள்.

ஐயா, அன்று முதல் நேற்றுவரை, அதே அலுவலக எண்ணிலிருந்து, ஒரு நாளும் இது தவறவில்லை. புதன்கிழமைகளில் அந்தக் குரல் வாரக்கணக்கையும் சொல்கிறது. நாற்பது, ஐம்பது, நூறு, இருநூறு என்று அது ஏறிக்கொண்டே போகிறது.

என் மனைவிக்கு இப்போது வயது நாற்பத்தைந்து. பால் பாக்கெட்டை இன்றும் சோப்பில் கழுவுகிறாள். இன்றும் பின்னறையில்தான் இருக்கிறாள். தெருவில் இருமல் கேட்டால் இன்றும் மூச்சை அடக்குகிறாள். நடையில் நீலக்கோடு இன்றும் இருக்கிறது. வேலைக்காரம்மாள் அதன் மேல் தினமும் துடைக்கிறார். சாக்கட்டியோடு கரோலினைப் பார்த்ததே இல்லை. காலையில் கோடு இருக்கிறது. உறவில் திருமணம், கோயிலில் ஆராதனை, எதுவானாலும் 11.10-க்கு வீட்டில் இருக்க முடியாது என்றால் அவள் போவதில்லை.

நிறுத்த என் கையெழுத்து ஒன்று போதும் என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். முதல் வருடம், அந்த அழைப்புக்காகத்தான் அவள் படுக்கையை விட்டு எழுந்தாள் என்பதால் விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம், அரசாங்க அலுவலகத்தின் அசட்டை, தானாக நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வருடம் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் குரலுக்கு மூன்று வருடமாக வயதாகவில்லை.

11. கடந்த செப்டம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். அழைப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பிரிவைப் பற்றியும், எண்ணைப் பற்றியும், பணியாளரைப் பற்றியும் மட்டும் கேட்டேன். பார்வை 3-இல் கண்ட பதில் வந்தது. அதன்படி: பிரிவு 31-03-2022 அன்று மூடப்பட்டது. தொலைபேசி எண் அன்றே திருப்பி ஒப்படைக்கப்பட்டது. பணியாளர் சபீனா கடைசியாகப் பணிக்கு வந்த நாள் 08-05-2021. கொரோனா தொற்றால் 14-05-2021 அன்று, ரம்ஜான் பெருநாளில், இறந்துவிட்டார்.

அதாவது, 19-ஆம் தேதி எங்கள் வாசலுக்கு வண்டி அனுப்பியபோது அவர் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

இணைப்பாக இரண்டு நகல்கள் இருந்தன. ஒன்று, 20-04-2021 தேதியிட்ட அவருடைய விண்ணப்பம். தாம் ஐந்து மாதக் கர்ப்பிணி என்றும், பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் ஏசிக்காக ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருப்பதாகவும், நோய் தொற்றுமோ என்று பயமாக இருப்பதாகவும், வீட்டிலிருந்து அழைக்க அனுமதிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வாய்மொழியாக அனுமதித்திருக்கிறார்கள். இரண்டாவது நகலைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. என் புகார். அதன் ஓரத்தில், "பயனாளியின் கணவர் ஆட்சேபிப்பதால் அனுமதி ரத்து. இருக்கையில் இருந்து பணிபுரிக" என்று எழுதியிருந்தது.

கரோலின் "உனக்கு?" என்று கேட்டது என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

12. 28-10-2024 அன்று தங்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடிக்குச் சென்றேன். அந்த அறை இப்போது பழைய பதிவேடுகள் போட்டுவைக்கும் இடம். சாவி நாராயணசாமி என்ற ஊழியரிடம் இருந்தது. வேலூர்ப் பக்கத்தவர், தமிழிலேயே பேசினார். "ஆடிட்டா சார்? சாவி எடுத்துக்குங்க. கூட வர மட்டும் சொல்லாதீங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் வேலைக்குச் சேந்து முப்பது வருஷம் ஆச்சு சார், எந்த ரூமுக்குப் போகணும் எதுக்குப் போகக்கூடாதுன்னு தெரியாதா?" என்றார். அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம்.

11.05 முதல் 11.20 வரை அந்த அறையில் நின்றேன். அட்டைப்பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள். சுவரில் தொலைபேசி முனை. அதில் கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. ஜன்னலில் அதே பலகை, அதே திருகாணிகள். ஒரு நாற்காலி மட்டும் அடுக்கில் சேராமல், சுவரைப் பார்த்து, அந்த முனைக்கு நேராக இருந்தது. எல்லாவற்றின் மேலும் தூசி இருந்தது. அதன் மேல் இல்லை. சூடாக இருந்தது என்று எழுதமாட்டேன். நான் தொட்டுப் பார்க்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கரோலினின் தொலைபேசியைப் பார்த்தேன். அழைப்பு 11.10-க்கு வந்திருக்கிறது. மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசியிருக்கிறாள்.

13. இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் நடக்கிறது என்பது தெரியும். ஆணை பிறப்பித்த அலுவலகம் மூடப்பட்டாலும், ரத்து செய்யப்படாத ஆணை அமலில்தான் இருக்கும். பணியாளர் இருப்பினும் இல்லாவிடினும் என்று எழுதியவன் நான். இருக்கையில் அமர்ந்து மட்டுமே என்று எழுதியவனும் நான். எனவே, பார்வை 1-இல் கண்ட மனுவின்படி எனக்குள்ள உரிமையைக் கொண்டு, மேற்படி அழைப்பை இத்துடன் நிறுத்துமாறு கோருகிறேன்.

14. மேலே உள்ள பதின்மூன்று பத்திகளும் நேற்று மாலை எழுதியவை. கையொப்பமிட்டு இன்று காலை பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புவதாக இருந்தேன். மையை உலரவிட்டு மேசையிலேயே வைத்திருந்தேன். இனி வருவது இன்று பிற்பகல் எழுதுவது.

இன்று புதன்கிழமை. 11.10-க்குத் தொலைபேசி ஒலித்தது. கரோலின் அதை எடுத்துப் பேசாமல், நடைக்குக் கொண்டுவந்து நீலக்கோட்டின் மேல் வைத்தாள். விரல் கருவியையும் பக்கத்தில் வைத்தாள். மேசைமேல் இருந்ததை வாசித்திருக்கிறாள். "நிறுத்தப் போறீங்கன்னா நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

எடுத்தேன்.

"அண்ணாவா? அக்கா எங்க?" என்றது குரல். சமையலறையில் என்றேன். "ஹவ், நீங்களே சொல்லுங்க அப்போ. இன்னிக்கி இருநூத்திப் பதிமூணு வாரம் முடிஞ்சிருச்சு. காய்ச்சல்?" இல்லை என்றேன். இருமல் இல்லை என்றேன். கருவியை என் விரலில் மாட்டித் தொண்ணூற்றேழு என்றேன். "அசைவு?" நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். சமையலறையிலிருந்து கரோலின், "பத்து" என்றாள். நானும் பத்து என்றேன்.

"நேத்து யாராச்சும் வெளிய போனாங்களா அண்ணா?"

மூன்றரை ஆண்டுகளாக என் காது கேட்க என் மனைவி "இல்லை" என்று சொல்லிவந்த கேள்வி. நான், "போனேன். மே நாலாம் தேதி. நான்தான் போனேன்" என்றேன்.

தூரத்தில் அந்த இருமல் கேட்டது. பிறகு, "தெரியும்ண்ணா. அன்னிக்கி நான் கூப்பிடுறப்பவே அக்கா சொல்லிட்டாங்க. அவரு போயிருக்காரு, ஆனா இல்லைன்னு எழுதிக்க, எழுதிட்டா அவரு தாங்கமாட்டாருன்னாங்க. நான் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்" என்றது.

சமையலறையில் தண்ணீர்க் குழாய் நின்றது.

"வேற ஏதாச்சும் சொல்லணுமா அண்ணா?"

மனு என் இடக்கையில் இருந்தது. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். அது பதின்மூன்றாம் பத்தியில் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. "உனக்கு?" என்று கேட்டேன்.

மூச்சுக்குள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பத்துண்ணா" என்றது. "நல்லாத்தான் இருக்கு. இங்க ஜன்னல் மட்டும்தான் தெறக்க மாட்டேங்குது. நாளைக்குப் பேசுறேன்."

15. ஐயா, பொருள் வரியில் "நிறுத்தக் கோருதல்" என்று இருப்பதை அடித்துவிட வேண்டுகிறேன். மறுபடி முழுவதையும் எழுத எனக்குச் சக்தியில்லை. பதின்மூன்றாம் பத்தியின் கடைசி வாக்கியத்தையும் அவ்வாறே அடித்துவிடவும்.

நான் யார் என்பதைத் தாங்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். மறைத்துக்கொள்வது என் நோக்கமல்ல. என் கையெழுத்து மீண்டும் அந்தக் கோப்புக்குள் போனால் கோப்பு திறக்கும். திறந்த கோப்பை முடித்து வைப்பார்கள். என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். என் கையெழுத்து ஒரு பெண்ணை ஓர் அறையில் உட்கார வைத்தது. அதே கையெழுத்தால் அவளை அங்கிருந்து எழுப்பி, எங்கே போகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவியிடமிருந்து அந்தப் பத்தைப் பறிக்கவும் எனக்கு உரிமையில்லை.

கையொப்பமில்லாத மனு மீது நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்பது விதி. இருபத்துநான்கு ஆண்டுகளில் அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மனுக்களில் "பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கட்டிவைத்திருக்கிறேன். இதையும் அப்படிக் கட்டிவைக்கும்படியே கேட்டுக்கொள்கிறேன்.

கோப்பில் சேராத ஒரு கோரிக்கை மட்டும் உண்டு. இரண்டாம் மாடியில், படிக்கட்டிலிருந்து மூன்றாவது கதவு. சாவி நாராயணசாமியிடம் இருக்கிறது. தச்சரை அனுப்பி அந்த ஜன்னலில் உள்ள பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். காலை வேளையில், பதினொன்று பத்துக்கு முன்பாக. அந்த ஒரு நாற்காலியை நகர்த்த வேண்டாம். ஜன்னலைத் திறக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

நாள்: 13-11-2024
இடம்: மெட்டுகுடா, செகந்திராபாத்

கையொப்பம்:

(மேலே அனுப்புநர் இடமும், இங்கே கையொப்ப இடமும் நிரப்பப்படவில்லை. மறதியால் அல்ல. இதைப் பதிவுத் தபாலில் அல்லாமல், தெருமுனைத் தபால்பெட்டியில் சாதாரண அஞ்சலாக, இப்படியே சேர்க்கிறேன். ஒப்புகை வேண்டாம்.)